எது ஒசத்தி?

கண்புரை ஆபரேஷனா? டாக்டரைப் பார்த்த கையோடு பக்கத்து ரூமுக்கு அனுப்புவார்கள். அங்கே ஹோட்டல் மெனு மாதிரி ஒரு ரேட் கார்டு. ‘இம்போர்ட்டட் மல்டிஃபோகல் போட்டுக்குங்க சார், கண்ணாடியே வேணாம்!’ அப்பாவுக்கு மலிவு லென்ஸா என்று மகனுக்குக் கூச்சம். அங்கேதான் கவிழ்கிறோம்!

மல்டிஃபோகல் வைத்தால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். கார்டில் இதைப் போடமாட்டார்கள். சாதா மோனோஃபோகல் தூரத்தைப் பளிச்சென்று காட்டும்; பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி. மதுரை ஆரோலேப் 1992-லிருந்து குறைந்த விலையில் லென்ஸ் செய்து 100 நாடுகளுக்கு மேல் அனுப்புகிறது. மலிவு என்றால் மட்டமா என்ன?

‘எது ஒசத்தி?’ என்று கேட்காதீர்கள். ‘நான் ராத்திரி வண்டி ஓட்டறவன், எனக்கு எது தோதுப்படும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். ரேட் கார்டு அல்ல!