வெற்றுக் காசோலையும் பத்து நாளும்

நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் சென்னையிற் புடைவை வியாபாரம் செய்கிறார். சென்ற ஆண்டு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிவில் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்துள்ளதென்றும், உண்மை தம் பக்கமிருப்பதால் விசாரணை நாளன்று போய்ச் சொன்னாற் போதுமென்றும் எழுதியிருந்தார். வகுப்பிலும் வினாவை முழுவதும் வாசியாது விடை எழுதுபவர்தான் அவர்.

நடந்தது இது. 4 இலட்சம் ரூபாவுக்குத் துணி கடனாக வாங்கியபோது, தொகை எழுதாத காசோலையொன்றிற் கையொப்பமிட்டு ஈடாகக் கொடுத்தார். பின்னர் வங்கி வழியாக 1½ இலட்சமும், கையிற் காசாக 1 இலட்சமும் செலுத்தினார். காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை, நெடுநாட் பழக்கமாம். மொத்த வியாபாரி 4 இலட்சத்தையும் நிரப்பி வங்கியிலிட்டார். காசோலை திரும்பியது.

திரும்பிய காசோலை என்றதும் குற்றவழக்கையே பலரும் நினைப்பர். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அதற்கான 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் முதலே நடைமுறைக்கு வந்தது. பணத்தை அறவிடும் சிவில் வழக்கு வேறு. இரண்டும் ஒருங்கே நடக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி தொடுக்கப்படும் சுருக்க வழக்கில் எதிர்வாதஞ் செய்வது பிரதிவாதியின் பிறப்புரிமையன்று. அனுமதி கேட்டே பெறவேண்டும். அழைப்பாணை கிடைத்த 10 நாளுள் முன்னிலையாகித் தம் முகவரியைக் கொடுக்கவேண்டும். தவறினால் வாதி சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். அதன்பின் தீர்ப்புக்கான அழைப்பாணை வரும். அதிலிருந்து மீண்டும் 10 நாளுள், சத்தியக்கடதாசியுடன் அனுமதி கோரவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணங் காட்டினால் நீதிமன்று மன்னிக்கலாம். அதை நம்பியிருப்பது புத்தியன்று.

நாம் உடனே தொலைபேசியில் அழைத்தோம். ஆறாம் நாள் ஆகியிருந்தது. அன்றே வக்கீலிடம் ஓடினார்.

வெற்றுத்தாளில் ஒப்பமிட்டேன் என்பது தம்மைக் காக்குமென்று அவர் எண்ணியிருந்தார். காக்காது. ஒப்பமிட்டு வெறுமையாகக் கொடுத்தவர் அதை நிரப்பும் அதிகாரத்தையுங் கொடுத்தவராகவே கருதப்படுவதுண்டு. வெற்றுக் காசோலையாயினும் தானே மனமுவந்து ஒப்பமிட்டுக் கொடுத்தால், அது கடனுக்காகக் கொடுத்ததென்ற சட்ட ஊகம் எழுமென 2019இல் இந்திய உச்ச நீதிமன்றம், 138ஆம் பிரிவு வழக்கொன்றிற் கூறியது. சிவில் வழக்கிலும், கைம்மாறு பெற்றே காசோலை எழுதப்பட்டதென்று 118ஆம் பிரிவு ஊகிக்கச் சொல்கிறது. இந்த ஊகத்தைச் சான்றினால் உடைக்கலாம். வெறும் மறுப்பினால் முடியாது.

ஆகவே சத்தியக்கடதாசியில் ஆத்திரத்துக்கு இடமில்லை. வங்கிக் கணக்கேடு, சரக்குச் சீட்டுகள், வாதியின் கடிதங்கள் ஆகியவற்றைத் திகதி வரிசையிற் காட்டவேண்டும். வழக்கு மூன்றாண்டுக் காலவரையறையைக் கடந்ததா, வாதி கூட்டு வாணிபமாயின் அது பதிவுசெய்யப்பட்டதா என்பனவும் பார்க்கத்தக்கவை. உண்மையில் விசாரிக்கத்தக்க விடயமிருந்தால் அனுமதி கிடைக்கும். எதிர்வாதத்தில் நீதிபதிக்கு ஐயமிருந்தால், பணங் கட்டு என்ற நிபந்தனையுடன் கிடைக்கலாம். போலியென்று தோன்றினால் கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம். உரிமைகோரிய தொகையில் ஒரு பகுதியைப் பிரதிவாதியே ஒப்புக்கொண்டால், அதை நீதிமன்றிற் கட்டாமல் அனுமதியில்லை. எஞ்சிய 1½ இலட்சங் கொடுக்கவேண்டியதே என்று நம் மாணவர் எழுதினார். அதையும் மறுத்துவிடு என்று நண்பரொருவர் யோசனை சொன்னாராம். சத்தியம் பண்ணிப் பொய்யெழுத அவர் இசையவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார், அனுமதி கிடைத்தது.

வங்கி வழியாகச் சென்றதற்குக் கவலையில்லை. காசாகக் கொடுத்த 1 இலட்சத்துக்கு, அன்று கடையில் நின்ற சிப்பந்தியைச் சாட்சியாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் இப்பொழுது திருப்பூரில் வேலை செய்கிறாராம்.