அடிபட்ட கை பாஸ் போடாது

மாவட்டக் கூடைப்பந்து நடுவர் குழுத் தலைவர் அவர்களுக்கு,

நான் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. நேரில் வந்தபோது, ‘அது ஜட்ஜ்மென்ட் கால் சார், அதில் யாரும் தலையிட முடியாது’ என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். காபிக்கு நன்றி. மீதியை ஊரார் முன்னால் பேசிக்கொள்வோம்.

விதிகளை நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை. நடுவர் தேர்வு நடத்துகிறவரே நீங்கள். ஒரே ஒரு விசிலைப் பற்றித்தான் இந்த மடல்.

பள்ளி மாணவியர் அரையிறுதி. கடைசி கால் பகுதியில் நான்கு விநாடி மிச்சம். இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். எங்கள் பெண் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே பந்தை வாங்கி எழும்புகிறாள். முழங்கை வளையத்துக்கு நேராக நிற்கிறது, கண்ணும் அங்கேதான். பந்து நெற்றிக்கு மேலே ஏறிவிட்டது. அப்போது மணிக்கட்டில் அடி விழுகிறது. பந்து வழுக்கிப் பக்கவாட்டில் போய், அங்கே நின்ற எங்கள் அணிப் பெண்ணின் கையிலேயே விழுகிறது. அதன் பிறகுதான் விசில். உங்கள் நடுவரின் தீர்ப்பு: ‘பாஸ். சைடு த்ரோ.’

எதிரணிக்கு அந்தக் கால் பகுதியில் அது மூன்றாவது டீம் ஃபவுல்தான். ஆக, மூன்று ஃப்ரீ த்ரோ கிடைக்க வேண்டிய இடத்தில் வெளிக்கோட்டிலிருந்து ஓர் எறிதல். அதையும் அவர்கள் தட்டிப் பறித்தார்கள். ஆட்டம் முடிந்தது.

எழும்பிய பிறகு மனம் மாறி பாஸ் போடுகிறவர்கள் உண்டு. நானே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்போது தலையோ தோளோ ஏதாவது ஒன்று ஆளைத் தேடித் திரும்பும். இந்தப் பெண்ணிடம் எதுவும் திரும்பவில்லை. திரும்பியது பந்து, திருப்பியது அடித்தவளின் கை.

இதைவிடக் கொடுமை, பெற்றோர் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவில் இருக்கிறது. அடி விழுவதற்கு முன்பே உங்கள் நடுவரின் கை மேலே போயிருக்கிறது, மூன்று விரல் நீட்டி! மூன்று புள்ளி முயற்சி என்று மைதானத்துக்கே காட்டியவர், பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டு ‘பாஸ்’ என்கிறார். நீட்டிய விரல்களை மடக்கிக்கொள்ளவாவது நேரம் எடுத்திருக்கலாம்.

மறுநாள் இறுதியாட்டத்தில், எங்களை ஜெயித்த அணியின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: ‘ஏறும்போதே கையில தட்டு, பந்து கோணிப் போனா பாஸ்தான்!’ ஒரே நாளில் பாடம் படித்துவிட்டார்கள். வாத்தியார் உங்கள் ஆள்.

இனி இப்படித்தான் என்றால் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அடி வாங்கினாலும் பந்து வளையத்தை நோக்கியே போக வேண்டும், தவறினால் பாஸாகக் கருதப்படும் என்று. மணிக்கட்டு பிசகினாலும் குறி பிசகாமல் எறியப் பழக்கிவிடுகிறோம். சென்னையிலிருந்து போய் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மேடை போட்டுப் பெருமை பேசினீர்களே, அந்தப் பேச்சைக் கேட்டுப் பந்தைத் தொட்டவள்தான் இந்தப் பெண். அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்த மண்டலப் போட்டிக்கான பட்டியலில் அந்த நடுவரின் பெயர் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வீடியோவை ஒருமுறை பாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு பள்ளிப் பயிற்சியாளர்