விறாந்தை அரசியலும் அடுப்படி மௌனமும்

மாரி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகள் வேறொரு கோலம் கொள்கின்றன. ஐப்பசியில் இடியோடு தொடங்கும் மழை கார்த்திகையில் அடைமழையாகி, மார்கழியிற் கூதலும் பனியுமாய்த் தணிகின்றது. வெளியே செல்ல இயலாத ஆண்கள் விறாந்தையிற் கூடுகின்றனர். சாய்மனைக் கதிரை, சுடச்சுடத் தேநீர், வறுத்த கச்சான், ஒரு மூலையில் 304 கடதாசி ஆட்டம். தைமாதக் காற்றை எதிர்பார்த்துப் பிள்ளைகள் மூங்கில் சீவிப் பட்டத்துக்கு விண் கட்டுகின்றனர்.

இவற்றில் நாம் குறை காணவில்லை. உழைத்தவன் சற்று ஓய்ந்திருக்க ஒரு பருவம் வேண்டும். ஆனால் அதே விறாந்தையில் நடைபெறும் வேறொரு பொழுதுபோக்கைப் பற்றி இன்று வெளிப்படையாகப் பேச விரும்புகின்றோம். அதன் பெயர் அரசியல்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் போதுமா, போதாதா? 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஆசனங்கள் தேசிய மக்கள் சக்தியிடம் சென்றது எவர் பிழை? இவ்வாறு வாதம் மழையினும் பலமாகப் பொழிகின்றது. தேநீர் முடிந்ததும், "இன்னொருக்கால் ஊத்திக்கொண்டு வாரும்" என்று உள்ளே ஒரு குரல் செல்கின்றது. தேநீர் வருகின்றது. அதைக் கொண்டுவந்தவளின் கருத்து என்னவென்று எவரும் கேட்பதில்லை.

அவள் அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஈர விறகை ஊதி எரியவைத்தாள். ஒழுகும் கூரையின் கீழ்ச் சட்டி வைத்தாள். வாய்க்கால் அடைபட்டு முற்றத்தில் ஏறிய வெள்ளத்தை மண்வெட்டியால் வெட்டிவிட்டாள். தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பியைக் கண்டு, பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாம் கேட்கின்றோம்: இவற்றுள் எது அரசியலன்று? வாய்க்கால் அடைபட்டதற்குப் பிரதேச சபை பொறுப்பில்லையா? வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கி நிலத்தடியில் தங்குவதாலேயே கோடையில் எம் கிணறுகள் ஊறுகின்றன. தூர்ந்த குளத்தைத் தூர்வாராமல் விட்டுவிட்டு, நிரம்பும் மழைநீரைக் கடலுக்கு ஓடவிடுவது அரசியற் குற்றமாகாதா? சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்ததும், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வரை அவ்வழக்குச் சென்று தீர்ப்புப் பெற்றதும் நாடறிந்த செய்திகள். கிணற்று நீரின் மணம் மாறியதென்றால், வாளியைத் தூக்குகிறவளுக்கே அது முதலில் தெரியும். தண்ணீரை அறிந்தவளை அடுப்படியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் அரசியல் பேசுவது எங்ஙனம் அறிவாகும்?

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு பெண்களுக்கெனக் கல்லூரி கண்ட சேர். பொன். இராமநாதன் அவர்களே, பின்னர்ப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்து நின்றார். படிக்கலாம், பாடலாம், நல்ல மனைவியாய் விளங்கலாம். ஆனால் நாட்டின் போக்கைப் பற்றி வாய் திறக்கலாகாது! அன்றைய பெரியோரின் நினைப்பு அது. டொனமூர் ஆணைக்குழுவும் பெண்களுக்கு 30 வயது என்றே விதந்துரைத்தது. அந்த வேற்றுமை நீக்கப்பட்டு, 1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

கிடைத்த உரிமைக்கு எம்மிடத்தில் என்ன நேர்ந்தது? பூரண சுயராச்சியம் கோரி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்விளைஞர்களின் இலட்சியத்தை நாம் இகழவில்லை. ஆயினும், வரலாற்றில் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற எம் தாய்மாரிடம், "அம்மா, உமது முதல் வாக்கைத் துறக்க உமக்குச் சம்மதமா?" என்று எத்தனை வீடுகளிற் கேட்டிருப்பார்கள்? தமிழ்ப் பெண் அரசியலுக்கு ஆகாதவள் என்பாருக்கு அக்காலமே விடை தந்தது. 1932ஆம் ஆண்டில் திருமதி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபையில் அமர்ந்தார்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 2024ஆம் ஆண்டில் யாழ் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற அறுவருள் ஒருவரேனும் பெண்ணில்லை. எந்தக் கட்சி வென்றது, எந்தக் கட்சி தோற்றது என்று மார்கழி முழுவதும் வாதிட்ட விறாந்தைகளில் இந்த ஒரு கணக்கைப் பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமும் எமது கட்சிகள் மனமுவந்து அளித்ததன்று. மேலிருந்து வந்த கட்டாயம்.

"பெண்களுக்கு அரசியலில் நாட்டமில்லை" என்று சிலர் சொல்கின்றனர். இதைவிடப் பெரிய பொய் வேறில்லை. 2017ஆம் ஆண்டு மாசி மாதத்திற் கிளிநொச்சியிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்களைத் தொடர்ந்து வேறு ஊர்களிலும் தாய்மார் அமர்ந்தனர். தறப்பாளின் கீழ், பிள்ளையின் படத்தை மழை நனைக்காது மடியில் அணைத்துக்கொண்டு மாரிக்குப் பின் மாரியாக இருந்தவர்கள் அவர்கள். 2009ஆம் ஆண்டிற்குப் பின் வன்னியிலும் குடாநாட்டிலும் பல்லாயிரம் குடும்பங்களைத் தனித்துச் சுமந்தவர்களும் பெண்களே. வீட்டையும் போராட்டத்தையும் சுமப்பவளுக்கு வேட்பாளர் பட்டியலிலும் விறாந்தையிலும் இடமில்லையாம்! இது நாட்டமின்மையா, நாம் இழைக்கும் அநீதியா?

"வீட்டில் ஒற்றுமை குலையும்" என்பது இன்னொரு சாட்டு. கணவனும் மனைவியும் வேறு வேறு சின்னத்துக்குப் புள்ளடி இட்டால் உடையக்கூடிய குடும்பம், மழைக்கு முன்னரே இற்றுப்போன கூரை. ஒரு மொழிக்கும் ஓர் இனத்துக்கும் சம உரிமை கேட்கும் நாம், ஒரு கூரையின் கீழ் அதை மறுக்கலாமா? கொழும்பு எம்மைக் கேளாமல் எமக்காகத் தீர்மானிக்கின்றது என்று முழங்குகிறவர், தம் மனைவியையும் மகளையும் கேளாமல் "எங்கட வீட்டு வாக்கு அஞ்சும் இன்னாருக்கு" என்று வாக்குறுதி கொடுப்பது என்ன நியாயம்? எம்மைப் போன்ற பத்திரிகைகளும் இக்குற்றத்துக்குப் புறம்பானவை அல்ல. விறாந்தையின் குரலையே ஊரின் குரலென்று அச்சிட்டு வந்திருக்கின்றோம். அதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகின்றோம்.

என்ன செய்யலாம்? மழைக்குள் நடக்கும் பேச்சு அடுப்படிக்குச் செல்லட்டும்; பேசுகிறவர் வெறுங்கையோடு செல்லாது, தேங்காய் துருவிக்கொண்டே பேசட்டும். பட்டம் கட்டும் மகனோடு மகளும் அமர்ந்து தன் எண்ணத்தைச் சொல்லட்டும். வெள்ளம் ஏறிய முற்றத்தைக் கண்டவளே பிரதேச சபையின் வாசலில் நின்று கேட்கட்டும்; வீட்டார் துணை நிற்கட்டும். வட மாகாண சபையின் ஆயுள் 2018ஆம் ஆண்டு ஐப்பசியில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. அத்தேர்தலைக் கோரும் கட்சிகள், தத்தம் பட்டியலில் எத்தனை பெண்களை நிறுத்தப்போகின்றன என்பதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லட்டும். சொல்லாத கட்சிக்கு வாக்கில்லை என்று பெண்கள் கூறட்டும்.

மாரி எமக்கு ஆண்டுதோறும் சில கிழமைகள் ஓய்வைத் தருகின்றது. அவ்வோய்வு வீட்டில் ஒரு பாதியாருக்கு மட்டும் உரியதன்று. தையில் மழை ஓயும்; விண் கூவும்; வயலில் நெல் சாயும். அதற்கு முன், இன்றிரவே, தேநீர்க் கோப்பையை வாங்கும் கை ஒரு கணம் தாமதித்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்கட்டும். கேட்டவர் விடை முடியும்வரை பொறுமையாக இருக்கட்டும்.