மாத்திரையைச் சாட்டி நட்டஈட்டை மறுக்காதே!

மலையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பெண் தொழிலாளி, டாக்டர் தந்த வலி மாத்திரையை விட்டுவிட்டால் போதும். "மருந்து குடிக்கவில்லை, ஆகவே வலி இல்லை" என்று நிர்வாகம் கதை கட்டுகிறது. இது என்ன நியாயம்?

டைக்ளோபினாக் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கலாம். டிரமடோல் குடித்தால் தலை சுற்றும். அந்தத் தலைசுற்றலோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் நிற்க எந்தத் துரை வருவார்? வலி மாத்திரை வலியை அடக்கும். முறிந்த எலும்பை ஒட்டவைக்காது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நட்டஈடு தருவது, விபத்தால் உழைக்கும் சக்தி போனதற்காக. விழுங்கிய மாத்திரையை எண்ணி அல்ல. டாக்டர் சொன்னதை வேண்டுமென்றே தட்டியதால் காயம் மோசமானது என்று காட்டினால்தான் நம் கோரிக்கைக்கு ஆபத்து. வயிற்றெரிச்சலுக்குப் பயந்து மாத்திரையை விட்டது அந்தக் குற்றமா?

ஆனால் தோழர்களே, நம் மௌனம்தான் அவர்களின் ஆயுதம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? வீட்டில் பேசாமல் இருந்துவிடாதீர்கள். டாக்டரிடமே திரும்பிப் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள், வேறு மருந்து கேளுங்கள். சொன்னதைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். துண்டுகளை எறியாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். நிர்வாகம் நீட்டும் கடதாசியில் தோட்டத் தலைவரிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: மாத்திரையை எண்ணுவதை நிறுத்து. வழுக்கும் படிக்கட்டைத் திருத்து!