ஊசியில வர்றது வீரம் இல்ல தம்பி!



"கட்சிப் பக்கத்துல என்ன ஜிம் கதை?"ன்னு சிலர் கேட்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளைங்க உடம்புல என்ன ஏறுது, அதை யார் விக்கிறாங்க, யார் கண்டும் காணாம இருக்காங்கன்னு கேட்கிறதும் அரசியல்தான். கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாப் படிச்சிடுங்க.

உங்க தெருவுல ஒரு தம்பி இருப்பான். கூட்டம்னா கொடி கட்ட முதல் ஆளா வந்து நிப்பான். போன வருஷம் ஜிம்முல சேர்ந்தான். ஆறே மாசத்துல சட்டை பத்தாத அளவுக்கு உடம்பு. நாமளும் "செம்மடா தம்பி"ன்னு தோளைத் தட்டினோம், அவன் போடுற ரீல்ஸுக்கெல்லாம் லைக் போட்டோம்.

அப்புறம் ஆள் மாற ஆரம்பிச்சான். டீக்கடையில கிளாஸ் லேசா இடிச்சாலே எகிறுறான். ராத்திரி தூங்குறதில்லை. பெத்த அம்மா மேல சாப்பாட்டுத் தட்டை வீசுறான். இன்னும் சில மாசம் கழிச்சு நேர்மாறா ஆயிடுறான். ஜிம் பக்கமே போறதில்லை. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக் கிடக்கிறான். போன் அடிச்சா எடுக்கிறதில்லை.

"லவ் ஃபெயிலியரா இருக்கும்", "வயசுத் திமிர்", "தண்ணி அடிக்கிறான் போல"ன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்றோம். நம்மள்ல ஒருத்தராவது அவன் பக்கத்துல உட்கார்ந்து, "தம்பி, ஜிம்முல ஊசி ஏதாவது போட்டியா?"ன்னு கேட்டோமா?

எல்லா கோபத்துக்கும் எல்லா சோகத்துக்கும் ஊசிதான் காரணம்னு நாம சொல்லல. ஆனா கேட்கவேண்டிய கேள்விகள்ல அதுவும் ஒண்ணு. அதை யாரும் கேட்கிறதே இல்லை என்பதுதான் பிரச்சினை.

டெஸ்டோஸ்டிரோன் விஷம் இல்லை. நம்ம உடம்பே தயாரிக்கிற ஹார்மோன். 1935-ல் இதைக் காளையின் விதைப்பையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு செயற்கையாகத் தயாரிக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். உடம்பில் இது போதிய அளவு சுரக்காதவர்களுக்கு இன்றைக்கும் இது நல்ல மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளுக்கு மனச்சோர்வைக் குறைத்து வாழ்க்கையையே மீட்டுத் தருகிற மருந்து. அவர்களைக் கொச்சைப்படுத்த இந்தப் பதிவை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஆரோக்கியமான ஒரு ஆணின் உடம்பு ஒரு நாளைக்குத் தயாரிப்பது சுமார் 5 முதல் 7 மில்லிகிராம். வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 50 மில்லிகிராம்கூட வராது. ஜிம்மில் "சைக்கிள் போடுறேன்" என்று சொல்கிறவர்கள் இதைப்போல பத்து மடங்குக்கு மேலேயும் ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் ஒரே மருந்து இல்லை, இரண்டு மூன்று வகையைக் கலந்து. அதில் குதிரைக்கென்று வந்த போல்டினோனும் உண்டு, மாட்டைக் கொழுக்க வைக்க வந்த ட்ரென்போலோனும் உண்டு. மாட்டுக்கான மருந்து நம்ம தம்பி உடம்புல ஓடுது தோழர்களே!

இது மனசை என்ன செய்யும்? அமெரிக்காவில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 2000-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 20 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு ஆறு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஆறு வாரம் வெற்று ஊசி. எது எதுவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. டெஸ்டோஸ்டிரோன் அளவைப் படிப்படியாக வாரத்துக்கு 600 மில்லிகிராம் வரை கூட்டினார்கள். முழுசாக முடித்த 50 பேரில் 42 பேருக்கு மனநிலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 6 பேருக்கு ஓரளவு மாற்றம். 2 பேருக்குத் தலைகால் புரியாத வேகம்.

"பார்த்தீங்களா, 42 பேருக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று ஜிம் மாஸ்டர் சொல்வார். இதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை அவர் சொல்லமாட்டார். மாறிய அந்த 8 பேருக்கும் மாறாத 42 பேருக்கும் இடையில், ஊசி போடுவதற்கு முன்னால் பெரிய வித்தியாசம் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வயசு, குணம், ரத்தப் பரிசோதனை, எதை வைத்தும் இவனுக்குத்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. இத்தனைக்கும் அங்கே மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். நம்ம ஊரு ஜிம் டாய்லெட்டில் நண்பன் குத்திவிடும் ஊசிக்கு எந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார்? அந்த எட்டில் ஒருத்தன் நம்ம தம்பியாக இருந்தால் என்ன செய்வோம்?

கோபமாவது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து ஊசியை நிறுத்திய பிறகு வருகிறது. இதைப் பற்றி ஜிம்மில் யாரும் பேசுவதில்லை.

சென்னைத் தோழர்களுக்கு இது சுலபமா புரியும். வீட்டுக்குத் தினமும் லாரித் தண்ணி வந்துக்கிட்டே இருந்தா கிணத்து மோட்டாரை யாராவது போடுவோமா? மாசக்கணக்குல சும்மா கிடந்தா மோட்டார் துருப்பிடிச்சுப் போகும். திடீர்னு ஒரு நாள் லாரி நின்னுடுச்சுன்னா? லாரியும் இல்லை, கிணறும் இல்லை. குழாயைத் திறந்தா காத்துதான் வரும்.

உடம்பிலும் இதுதான் நடக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டியதும், மூளை விதைப்பைக்கு அனுப்புகிற "சுரக்கலாம்" என்ற உத்தரவை நிறுத்திவிடுகிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது. ஊசியை நிறுத்திய பின் சொந்தச் சுரப்பு பழையபடி திரும்ப மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய வற்றிப்போகிறது. சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, ஆசையின்மை, வாழ்வதே வீண் என்ற நினைப்பு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரைக்கும் போகிறது.

கண்ணாடியில் பார்த்தால், கஷ்டப்பட்டு ஏத்தின உடம்பும் கரையுது. இதிலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு ஊசி. இப்படித்தான் "ஒரே ஒரு சைக்கிள்" என்று ஆரம்பித்தவன் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறான்.

"மாஸ்டர்தான் கொடுத்தாரு, விட்டமின்னு சொன்னாரு" என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு வரலாறு. கிழக்கு ஜெர்மனியில் 1970, 80-களில் ஒரு அரசாங்கமே திட்டம் போட்டு, சின்னப் பெண் பிள்ளைகள் உட்பட விளையாட்டு வீரர்களுக்கு நீல நிற மாத்திரை கொடுத்தது. பலரிடம் விட்டமின் என்றுதான் சொன்னார்கள். அது ஓரல் டூரினபோல் என்ற ஸ்டீராய்டு. பதக்கம் குவிந்தது. உடம்பும் மனசும் சிதைந்து போனவர்கள் பல வருஷம் கழித்து நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார்கள். விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டை 2000-ல் பெர்லின் நீதிமன்றம் குற்றவாளி என்றது. பதக்கம் நாட்டுக்கு, பாதிப்பு பிள்ளைகளுக்கு. ஆணழகன் போட்டிக் கோப்பையை ஜிம் வாசலில் வைத்து ஆள் சேர்க்கும் மாஸ்டர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சரி, தம்பி ஏன் ஊசிக்குப் போறான்? அவனை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போயிட முடியுமா?

"ஆம்பளைன்னா அழக்கூடாது" என்று நாலு வயசிலேயே சொல்லிக் கொடுத்தது யார்? பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க "ஆண்மைக் குறைவா?" என்று போஸ்டர் ஒட்டிப் பயத்தைக் காசாக்குவது யார்? ஒல்லியா இருந்தா "ஓமக்குச்சி", குண்டா இருந்தா "தடியா" என்று நண்பர்கள் குரூப்பில் கலாய்ப்பது யார்? நாமதான். பெண் விடுதலைக்கு 'ஆண்மை' என்ற கருத்தே ஒழியணும்னு பெரியார் அன்னைக்கே எழுதினார். அந்த ஆண்மை இன்னைக்கு ஆம்பளைப் பிள்ளைங்களையே சாப்பிடுது.

அதுக்காக ஒண்ணைத் தெளிவா சொல்லிடறோம். "ஊசி போட்டேன், அதான் பொண்டாட்டியை அடிச்சேன்" என்பது சாக்கு. 600 மில்லிகிராம் ஏறியும் பெரும்பாலானவர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள். அடித்தவன் அடித்ததற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். உதவியும் கொடுப்போம், பொறுப்பையும் கேட்போம்.

இப்போ அரசாங்கத்துகிட்ட வருவோம். இந்த மருந்துகள் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை எச்-இல் வருபவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் போட்டிகளில் ஆடும் வீரர்களுக்கானது. உடம்பை ஏத்தணும்னு மட்டும் ஜிம்முக்குப் போகிற நம்ம தம்பி அதன் கண்ணில் படமாட்டான். அவனைக் காப்பாற்ற வேண்டியது அந்த மருந்துச் சீட்டு விதிதான். அது காகிதத்திலேயே தூங்கினால் எப்படி?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. சீட்டு இல்லாமல் விற்கும் கடைகள் மீதும், ஜிம்மில் வைத்து விற்கும் ஆட்கள் மீதும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுக்கணும். கல்லூரிகளிலும் ஜிம்களிலும் இதைப் பற்றித் தமிழில் எச்சரிக்கை வைக்கணும். அரசு மருத்துவமனைக்கு வரும் இளைஞனிடம் "குடிப்பியா, சிகரெட் பிடிப்பியா?" என்று கேட்பதுபோல "ஊசி போட்டியா?" என்றும் கேட்கணும். வழக்குப் போடுவதற்காக இல்லை, வைத்தியம் பார்ப்பதற்காக. ஊசி போட்ட பையனைக் குற்றவாளியாக்கினால் அவன் இன்னும் ஒளிந்துகொள்வான். வித்தவனைப் பிடியுங்கள், போட்டவனுக்கு வைத்தியம் பாருங்கள்.

அரசு செய்யும் வரை நாம காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஜிம்முக்குப் போகும் தோழர்கள் இருக்கீங்க. உங்களுக்குத்தான் யார் என்ன போடுறாங்கன்னு தெரியும். ஒதுங்கிப் போன தம்பியைத் தேடிப் போய்ப் பாருங்க. அறிவுரை சொல்லாதீங்க, ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க. "மனநல டாக்டர்கிட்ட போலாமா?"ன்னு நீங்க சொல்லும்போது பக்கத்துல இருக்கிறவன் "என்ன, கீழ்ப்பாக்கமா?"ன்னு சிரிச்சா, அவனை முதல்ல அடக்குங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயே திறக்கிறதில்லை.

கடைசியா, இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற அந்தத் தம்பிக்கு.

நீ ஊசி போட்டிருந்தா, இப்போ மனசு சரியில்லைன்னா, அது உன் கோழைத்தனம் இல்லடா. உன் உடம்புல ஹார்மோன் வத்திப்போனதால வர்றதா இருக்கலாம். அதுக்கு வைத்தியம் இருக்கு. நீயா திடீர்னு நிறுத்திட்டுத் தனியா தவிக்காத. இன்னொரு ஊசியும் போட்டுக்காத. டாக்டர்கிட்ட போய், என்ன போட்ட, எவ்வளவு போட்ட, எத்தனை மாசம்னு ஒளிக்காம சொல்லு. செத்துடலாம்னு நினைப்பு வந்தா அந்த நிமிஷமே 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இல்லைன்னா 104-க்கு அடி. அதுவும் முடியலைன்னா உங்க கிளைச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டு, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் சரி.

கொடி கட்ட எங்களுக்கு நீ வேணும். உன் கை எத்தனை இஞ்ச் இருக்குன்னு நாங்க என்னைக்குமே அளந்து பார்த்ததில்லையே தம்பி!

தோழர்களே, பகிருங்கள். முக்கியமா, உங்க ஜிம் குரூப்புல போடுங்க.

#சீட்டு_இல்லாம_ஊசி_இல்ல
#தம்பியைக்_கேளுங்க