‘உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு!’ - தூது போகும் பிள்ளைகளும் திங்கட்கிழமை வயிற்றுவலியும்

வீடு, வாசல், மனசு - வாராந்திரப் பகுதி

திங்கட்கிழமை காலை என்றாலே அந்த வீட்டில் வயிற்றுவலிதான். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேறு வேறு பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு இரவு வரை நன்றாக இருப்பவள், திங்கள் விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனையும் செய்தாயிற்று. எல்லாமே நார்மல்.

“நடிக்கிறா” என்கிறார் அப்பா. “யாரு கண்ணு பட்டுச்சோ” என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார் அம்மிச்சி. அம்மா எதுவும் சொல்வதில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்குவதற்குள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விடுப்புகள் வரிசைகட்டிவிட்டன. “இப்படியே போனா படிப்ப நிறுத்திட்டு, செக்கிங் வேலைக்காவது கூட்டிட்டுப் போயிடலாம்” என்ற பேச்சும் வீட்டுக்குள் ஆரம்பித்துவிட்டது.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. பள்ளி ஆலோசகர்கள் அடிக்கடி சந்திக்கும் சூழலை வைத்து அமைத்த உதாரணம். ஆனால், படிக்கும்போது ‘இது எங்க பக்கத்து வீடு’ என்று பலருக்கும் தோன்றலாம். சிலருக்கு ‘எங்க வீடு’ என்றே தோன்றலாம்.

‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!’

பள்ளி முதலில் செய்தது, எல்லாப் பள்ளிகளும் செய்வதுதான். ‘பெற்றோரை அழைத்து வா’ என்றார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அப்பா வந்தார். ஆசிரியர்கள் அறையில் நிற்க வைத்தே மகளைப் பற்றிய புகார்களை அடுக்கினார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டவர், வீட்டுக்குப் போய் மகளை அடித்தார். அடுத்த திங்கட்கிழமையும் வயிற்றுவலி வந்தது.

நம் ஊரில் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை ஏதோ தப்பு செய்திருக்கிறது. பிரச்னை பிள்ளைக்குள் இருக்கிறது, அதைச் சரிசெய்வது பெற்றோரின் கடமை என்ற எண்ணம் அந்த அழைப்பிலேயே இருக்கிறது. குடும்ப ஆலோசனை என்ற துறை இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. ‘இந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறு?’ என்று கேட்பதற்குப் பதில், ‘இந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் இடையே என்ன நடக்கிறது?’ என்று கேட்கிறது.

இரண்டாவது முறை பள்ளிக்கு வந்த ஆலோசகர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ஷிப்ட் முடிந்து வரும் நேரமாகப் பார்த்து, அப்பா, அம்மா இருவரையும் அழைத்தார். முதல் கேள்வி, “ஏன் திங்கட்கிழமை மட்டும்?”

விடை சனிக்கிழமையில் இருந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று இரவு பணக்கணக்கில் சண்டை. ஞாயிறு முழுக்க அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அந்த மௌனத்துக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவள் மகள். “கேஸ் தீரப்போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” “காசு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” கேட்டதை அப்படியே சொன்னால் சண்டை பெரிதாகும் என்பதால், வார்த்தைகளை மாற்றி, மென்மையாக்கிக் கொண்டு போய்ச் சேர்க்கவும் பழகியிருந்தாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போய்விட்டால், ஷிப்டுக்குக் கிளம்பும் அந்த ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் நடுவே யாரும் இல்லை. அந்தப் பயம்தான் வயிற்றில் வலியாக இறங்கியது. வலி நடிப்பு அல்ல. அவளுக்கு உண்மையிலேயே வலித்தது.

மூன்றாவது ஆளைப் பிடிக்கும் முக்கோணம்

அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் (1913-1990) இதை ‘முக்கோணம்’ என்று விளக்கினார். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது, அவர்கள் தங்களை அறியாமலே மூன்றாவது ஒருவரை உள்ளே இழுக்கிறார்கள். இருவருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பாரம் மட்டும் மூன்றாவது ஆளுக்கு மாறிவிடுகிறது. கணவன், மனைவி, மாமியார் என்றும் அந்த முக்கோணம் அமையலாம். ஆனால், மறுத்துப் பேச முடியாத, விலகிப் போக வழியில்லாத மூன்றாவது ஆள் பெரும்பாலும் குழந்தைதான்.

அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின் (1921-2017) இந்தப் பாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே கற்றவர். நியூயார்க் அருகே வில்ட்விக் என்ற உறைவிடப் பள்ளியில், ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த, சட்டச் சிக்கலில் மாட்டிய சிறுவர்களோடு அவரும் அவர் குழுவினரும் பணியாற்றினார்கள். பள்ளியில் தேறி வந்த பையன்கள், வீடு திரும்பியதும் பழையபடி ஆனார்கள். பையனை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று புரிந்து, குடும்பத்தையும் அறைக்குள் அழைத்தார்கள். அந்த அனுபவம் 1967-ல் நூலாகவும் வந்தது. வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே எல்லை இருக்கிறதா என்று பார்க்கும் ‘கட்டமைப்பு முறை’ அவருடைய பெயரோடு சேர்ந்தே அறியப்படுகிறது.

இந்த முறையில் நாற்காலிகூட ஒரு கருவி. திருப்பூர் உதாரணத்துக்கே வருவோம். அறைக்குள் வந்ததும் அப்பா ஒரு ஓரம், அம்மா மறு ஓரம் உட்கார, மகள் பழக்கப்படி நடுவே உட்கார்ந்தாள். பேச்சு ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே அம்மா மகள் பக்கம் திரும்பி, “போன வாரம் எவ்வளவு வந்துச்சுன்னு உங்கப்பாவக் கேளு கண்ணு” என்றார். ஆலோசகர் எழுந்து, மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அம்மாவின் நாற்காலியை அப்பாவுக்கு எதிரே திருப்பிப் போட்டார். “பாப்பா வேண்டாம்மா. நீங்களே அவர்கிட்ட கேளுங்க.”

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். அப்பா தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ஆர்டர் இல்லாததால் ஓவர்டைம் போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது, அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். மூன்று மாதமாக மகள் வழியாகப் போய் வந்த கேள்விக்கு அன்றுதான் நேரடிப் பதில் கிடைத்தது.

ஒரே பூட்டுக்குப் பல சாவிகள்

குடும்ப ஆலோசனையில் ஒரே ஒரு வழிமுறை மட்டும் இல்லை. ஆலோசகர்கள் இடத்துக்குத் தகுந்தபடி பலவற்றைக் கலந்தே பயன்படுத்துகிறார்கள்.

* பேசும் விதத்தைப் பார்ப்பது: வர்ஜீனியா சட்டிர் (1916-1988) பள்ளி ஆசிரியையாக வேலையைத் தொடங்கியவர். மாணவர்களின் வீடுகளுக்கே போய்ப் பெற்றோரைச் சந்தித்தவர். நெருக்கடி வந்தால் சிலர் பழி போடுவார்கள், சிலர் எல்லாவற்றுக்கும் பணிந்து போவார்கள், சிலர் உணர்ச்சியே காட்டாமல் நியாயம் பேசுவார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள் என்றார். மனதில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கும்படி பேசப் பழகுவதுதான் அவர் காட்டிய வழி.

* பெயரைப் பிரிப்பது: ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வொயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த முறை. ‘கோபக்காரப் பையன்’ என்று சொன்னால் பையனே பிரச்னையாகிவிடுகிறான். ‘இந்தக் கோபம் எப்போ வருது, அது வரும்போது வீட்ல யாரு என்ன செய்றீங்க?’ என்று கேட்டால், கோபம் ஒரு பக்கமும், பையனும் குடும்பமும் சேர்ந்து மறுபக்கமும் நிற்கிறார்கள்.

* நல்ல நாளைத் தேடுவது: ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வு நோக்கிய முறை. ‘எந்த வாரம் சண்டை வரல? அன்னைக்கு என்ன வித்தியாசமா செஞ்சீங்க?’ என்பது இதன் முக்கியமான கேள்வி. ஓரிரு சந்திப்புகளிலேயே பயன்படுத்த முடியும் என்பதால், நேரம் குறைவாக உள்ள பள்ளிகளுக்கு ஏற்றது.

ஆசிரியரே ஆலோசகர் ஆகலாமா?

2018-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இங்கே கவனிக்க வேண்டியது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில், ‘சேஹர்’ என்ற திட்டம் பரிசோதிக்கப்பட்டது. மாணவர்கள் மனதில் உள்ளதை எழுதிப்போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, குழு விவாதம், தனிப்பட்ட ஆலோசனை என எளிமையான விஷயங்கள்தாம். சில பள்ளிகளில் இதை ஆசிரியர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில், பெரிய மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் கேலிக் கொடுமையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அப்படியொரு பலன் தெரியவில்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மார்க் போடுபவரிடமே மனதைத் திறப்பது மாணவருக்குக் கடினம். பாடம், தேர்வு, பதிவேடு என்று ஓடுபவருக்கு உட்கார்ந்து கேட்க நேரமும் கிடைப்பதில்லை. அதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்.

சட்டமும் அந்தப் பக்கம் நகர்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட வழிகாட்டுதலில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தச் சொல்கிறது. ‘எங்க பள்ளியில் யார் இருக்காங்க?’ என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தாம் இருக்க வேண்டும். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் இதையும் பேசலாம்.

திண்ணைக்கும் ஒரு பங்கு

குடும்பத்தை ஒதுக்கிவிட்டு மனநல சிகிச்சை இல்லை என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோடு குடும்பத்தினரையும் கூடாரங்களில் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி-யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே பின்பற்றியது.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006-ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனச்சுமையோடு வருபவர்கள் பாட்டியிடம் பேசிவிட்டுப் போகலாம். நம் ஊர்த் திண்ணையிலும் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும் இப்படிக் கேட்கும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பதும், தீர்ப்பு சொல்லாமல் கேட்பதும்தான் பயிற்சி தர வேண்டிய இடம். ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்வது ஆலோசனை ஆகாது.

எப்போது சேர்த்து உட்கார வைக்கக் கூடாது?

இந்த இடத்தில் எச்சரிக்கை அவசியம். வீட்டில் அடி உதை, மிரட்டல் இருந்தால் எல்லோரையும் ஒரே அறையில் வைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அங்கே பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு. குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பது தெரியவந்தால், அதைக் குடும்பத்துக்குள் பேசி முடிக்கவே முடியாது. போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

அந்த வீட்டில் இப்போது...

அப்பாவும் அம்மாவும் சிரித்துப் பேசுகிறார்கள் என்று கதையை முடிக்க முடியாது. சண்டை இன்னும் வருகிறது. ஆனால், சனிக்கிழமை இரவு சம்பளக் கவரைப் பிரித்து, மகளின் பழைய நோட்டு ஒன்றில் இருவரும் கணக்கு எழுதுகிறார்கள். வாடகை, சீட்டு, மளிகை, கேஸ். அந்த நேரத்தில் மகள் அம்மிச்சியோடு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஆலோசகர் போட்ட ஒரே நிபந்தனை. அதன் பிறகு வந்த நான்கு திங்கட்கிழமைகளில் மூன்று நாள் அவள் பள்ளிக்குப் போனாள். நான்காவது வாரம் வலி வந்தபோது அப்பா அடிக்கவில்லை. “என்ன சாமி, பயமா இருக்கா?” என்று கேட்டார்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் ‘அப்பாகிட்ட சொல்லு’, ‘அம்மாகிட்ட சொல்லு’ என்று நாக்கு நுனி வரை வார்த்தை வரலாம். எழுந்து, அடுத்த அறை வரை நடந்து போய் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை ஹோம்வொர்க்கைப் பார்க்கட்டும்.

உதவிக்கு அழைக்கலாம்:
மனநல ஆலோசனை (டெலி மானஸ்) - 14416
குழந்தைகள் உதவி எண் - 1098
பள்ளிக்கல்வி உதவி எண், தமிழ்நாடு - 14417
பெண்கள் உதவி எண் - 181