அப்பா தூங்கும் வீட்டுக்கு எந்த கீபோர்டு?

பிள்ளைகளே, புது கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? எத்தனை கலரில் விளக்கு எரியும், என்ன விலை என்பதையெல்லாம் அப்புறம் பேசுவோம். முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பகலில் தூங்குகிறவர் யாராவது இருக்கிறார்களா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி விநோதமாகத் தோன்றாது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் தொழிற்சாலை வந்தது. 2014ல் மூடியும் விட்டார்கள். 2010ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் கார், 2012ல் டைம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. வல்லம் வடகாலில் 2024ல் பெண் தொழிலாளர்களுக்கு என்றே ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்தார்கள். அங்கே தங்கக்கூடியவர்கள் 18,720 பேர்!

இந்த வட்டாரத்தில் கம்பெனி இரவிலும் ஓடும். நீங்கள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எதிரே வரும் கம்பெனி பஸ்ஸைப் பாருங்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்களே, அவர்கள் நைட் ஷிப்ட் முடித்தவர்கள். அதில் உங்கள் அப்பா இருக்கலாம், அக்கா இருக்கலாம், வாடகைக்குக் குடியிருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் இருக்கலாம். அவர்களுக்கு ராத்திரி என்பது காலை எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது.

லைன் வீடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவர் ஒன்று, வீடு இரண்டு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு ஆயுசு" என்பார்கள். இந்த வீட்டில் லீவு நாளில் காலை பத்து மணிக்கு, அப்பா கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது, நான்கடி தள்ளி நீங்கள் டக் டக் டகடக டக் என்று விளையாடினால் எப்படி இருக்கும்?

"சார், ஃபேன் கூடத்தானே சத்தம் போடுகிறது? அதில் தூங்கவில்லையா?" என்று ஒரு மாணவன் மடக்கினான். நல்ல கேள்விதான். ஃபேன் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கும். மூளை அதைப் பழகிக்கொண்டு ஒதுக்கிவிடும். கீபோர்டு சத்தம் அப்படி இல்லை. நிற்கும், திடீரென்று வரும், மறுபடி நிற்கும். தூங்கும்போது கண்தான் மூடியிருக்கிறது, காது மூடுவதில்லை. தாறுமாறாக வரும் சத்தம் ஆளை உசுப்பிவிடும். அதிலும் பகல் தூக்கம் இரவுத் தூக்கம்போல ஆழமானது அல்ல. வெளிச்சமும் உடம்பின் கடிகாரமும் எழுப்பிக்கொண்டே இருக்கும். அரைகுறையாகத் தூங்கியவர் அன்று ராத்திரி மறுபடி போய் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கண் அசந்தால் என்ன ஆகும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் என் கட்சி இது: நம் ஊர் வீட்டுக்கு கீபோர்டை முதலில் காதால் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணுக்கு வேலை அதற்கப்புறம்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை இரண்டு ஜாதி. ஒன்று மெம்பரேன். இதில் ஒவ்வொரு கீயின் அடியிலும் சின்ன ரப்பர் குமிழ் இருக்கும். அமுக்கினால் நசுங்கி, கீழே உள்ள பிளாஸ்டிக் தாள்களைத் தொட வைக்கும். ரப்பர் என்பதால் சத்தம் குறைவு. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இன்னொன்று மெக்கானிக்கல். ஒவ்வொரு கீக்கும் தனியாக ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்விட்ச். நன்றாக உழைக்கும், விலையோ பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

மெக்கானிக்கல் என்றாலே சத்தம் என்று நினைக்காதீர்கள். செர்ரி என்ற நிறுவனம் தன் ஸ்விட்சுகளுக்கு நிறத்தால் அடையாளம் வைத்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. நீலம் என்றால் அமுக்கும்போதெல்லாம் 'கிளிக்' என்று சத்தம் போடவே செய்யப்பட்டது. பழுப்பு, விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும், கிளிக் இல்லை. சிவப்பு வழவழவென்று இறங்கும், கிளிக் இல்லை. ஆனால் சிவப்பானாலும் பழுப்பானாலும் ஓங்கிக் குத்தினால் கீ அடித்தட்டில் மோதிச் சத்தம் வரும். அதையும் குறைக்க உள்ளேயே ரப்பர் துண்டு வைத்த 'சைலன்ட்' ஸ்விட்சுகள் இருக்கின்றன. அவை விலை கூடியவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல மெம்பரேன் போதும்.

ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருக்கும். 'ஃபீல்' என்ற அந்தச் சின்ன வார்த்தையைக் கவனியுங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது ரப்பர் குமிழ்தான். மெக்கானிக்கல்போலத் தோன்ற வேண்டும் என்று சத்தத்தை மட்டும் சேர்த்திருப்பார்கள். உழைப்பு கிடையாது, சத்தம் உண்டு. இது எதற்கு?

"டக் டக் என்று கேட்டால்தான் சார் விளையாட ஜோராக இருக்கும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் விளையாடும்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சத்தம் யாருக்கு? உங்களைத் தவிர வீட்டில் உள்ள எல்லோருக்கும்!

சரி, 'கேமிங் கீபோர்டு' என்று தனியாக ஒன்று உண்டா? பெட்டியில் அப்படி அச்சடிக்க யாரும் தடை சொல்வதில்லை. விளையாட்டுக்கு உண்மையில் உதவுவது ஒரே விஷயம்: பல கீகளை ஒன்றாக அமுக்கினாலும் எல்லாமே கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். ஒரு தாளில் இரண்டு படுக்கைக் கோடு, அவற்றை வெட்டும்படி இரண்டு செங்குத்துக் கோடு போடுங்கள். நான்கு சந்திப்புகள் கிடைக்கும். கீபோர்டின் உள்ளேயும் கம்பிப் பாதைகள் இப்படித்தான் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கீக்கு நூறு தனிக் கம்பி போட முடியாதல்லவா? இப்போது நான்கில் மூன்று சந்திப்புகளை அமுக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அந்த மூன்றின் வழியாகச் சுற்றி வந்து, அமுக்காத நான்காவதும் அமுங்கியதுபோலக் காட்டிவிடும். அதற்குப் பயந்து சாதாரண கீபோர்டு மூன்றாவது கீயையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நீங்கள் ஓடிக்கொண்டே குதிக்கச் சொன்னால், ஆட்டத்தில் உங்கள் வீரன் குதிக்க மாட்டான்!

'ஆன்ட்டி கோஸ்ட்டிங்' என்று பெட்டியில் எழுதியிருப்பது இந்தக் கோளாறு இல்லை என்பதைத்தான். அந்த எழுத்தை நம்ப வேண்டாம், கடையிலேயே சோதிக்கலாம். நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்ட் கீயையும் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு (நம் ஊரில் ஷிப்ட் என்றாலே வேறு ஞாபகம் வருகிறது!), மறு கையால் ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாக அடியுங்கள். கை எட்டவில்லை என்றால் தம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். சில எழுத்துகள் திரையில் வராமல் போனால், அந்த கீபோர்டு பல கீகளை ஒன்றாகத் தாங்காது. நல்ல மெம்பரேன் கீபோர்டுகளில் விளையாட்டுக்கு வேண்டிய கீகள் இருக்கும் பகுதியையாவது சரியாக அமைத்திருப்பார்கள். அது போதும்.

இனி விளக்குக்கு வருவோம். வானவில் நிறத்தில் ஓடும் விளக்கைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கீபோர்டு வாங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. எஃப், ஜே இரண்டு கீயிலும் விரலால் தடவிப் பாருங்கள்; சின்ன மேடு தட்டுப்படும். அது எதற்கு? பார்க்காமலே விரலை வைக்க. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் கீயைப் பார்க்காமல் அடிக்கத்தான் பழக்குகிறார்கள். ஆங்கிலத்தில் இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். இருட்டானால் என்ன, வெளிச்சமானால் என்ன? விரலுக்கு வழி தெரிந்தவருக்கு விளக்கு வேண்டாம்.

இருந்தாலும் ஒரு சந்தர்ப்பத்தில் விளக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே அறை. அம்மாவுக்கு அதிகாலை ஷிப்ட். ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார். உங்களுக்கோ புராஜெக்ட் முடிக்க வேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மங்கலான கீபோர்டு வெளிச்சத்தில் வேலையை முடிக்கலாம். அப்படியானால் எது வேண்டும்? ஒரே நிறத்தில் எரிகிற, கூட்டிக் குறைக்க முடிகிற, முழுதாக அணைக்கவும் முடிகிற விளக்கு. சில மலிவான கீபோர்டுகளில் விளக்கை அணைக்க வழியே இருக்காது. மின்னி மின்னிக் கூரையெல்லாம் கலர் அடிக்கும். தூங்குகிற அம்மாவின் முகத்தில் கல்யாண வீட்டு சீரியல் பல்பு எதற்கு? வாங்கும் முன் "இதை அணைப்பது எப்படி?" என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிற பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்ததுதான் 'தமிழ்99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் வரிசை வலது கைக்கு என்று அழகாகப் பிரித்திருப்பார்கள். அதைப் பழகச் சிலர் கீகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். விளக்கு கீபோர்டில் எழுத்து வழியாகத்தான் வெளிச்சம் வரும். ஸ்டிக்கர் ஒட்டினால் அது மறைந்துபோகும். அதிகக் காசு கொடுத்து விளக்கு வாங்கி, அதை நாமே மூடி வைப்பதா? தமிழ் பழகுகிறவர்கள் விளக்கில்லாத கீபோர்டை வாங்கி, தாராளமாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை நேரில் கடைக்குப் போய் வாங்குங்கள். படத்தில் பார்த்தால் விளக்கு தெரியும், சத்தம் கேட்காது. ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, பக்கத்துக் கடைக்குப் போனாலும் சரி, பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏ, பி, சி கீகளை மட்டும் தட்டிப் பார்த்தால் போதாது. ஸ்பேஸ் பாரின் இரண்டு முனைகளையும் தட்டுங்கள். என்டர், பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். நீளமான கீகள்தான் கடகடவென்று ஆடும். பிறகு அப்பாவைத் தட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் நான்கைந்து அடி தள்ளிப் போய்த் திரும்பி நின்று கேளுங்கள். வீட்டில் தூங்குகிறவருக்கு அந்தத் தூரத்தில்தான் அது கேட்கப்போகிறது. கடையில் தெருச் சத்தம் கலந்திருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அங்கேயே பெரிதாகக் கேட்டால் வீட்டில் இடிபோல இருக்கும்.

ஏற்கெனவே நீல ஸ்விட்ச் கீபோர்டு வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை. தகர டிரங்குப் பெட்டிமேலோ இரும்பு மேஜைமேலோ வைத்திருந்தால் அடியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். தகரம் மேளம்போலச் சத்தத்தைப் பெருக்கும். துண்டு அதை விழுங்கும். கீயை அம்மி கொத்துவதுபோலக் குத்தாதீர்கள். கீ பதிய மெல்லத் தொட்டாலே போதும். ஆனால் ஸ்விட்ச் போடுகிற 'கிளிக்' துண்டு போட்டாலும் போகாது. அதற்கு நான் சொல்லும் வழி, பழைய மெம்பரேன் கீபோர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது. அப்பாவுக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்குப் பழையது, மற்ற வாரத்துக்குப் புதியது. இரண்டும் யுஎஸ்பி வயர் என்றால் ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது. கம்ப்யூட்டரை அணைக்கவும் வேண்டாம்.